சொல் போனால் பல் போச்சு!

'பல் போனால் சொல் போச்சு' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த தாத்தாவை 'சித்தப்பா' என்று ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். பழமொழி எவ்வளவு வாஸ்தவம் என்று தெரியும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டாலும் அதே அளவு வாஸ்தவம்தான் என்பது, சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பல் கிளினிக்குகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொல் போனால் பல் போச்சு!

டாக்டர் சொன்னது பேஷண்டுக்குப் புரியவில்லை. பேஷண்ட் சொன்னது டாக்டருக்குப் புரியவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது பாவப்பட்ட ஒரு கடைவாய்ப் பல். பிழைத்திருக்க வேண்டிய பல் கடைசியில் 'டிணுங்' என்று டிரேயில் விழுகிறது.

நான் பி.காம். பற்று, வரவு தவிர வேறு வைத்தியம் தெரியாது. ஆகவே இது மருத்துவக் கட்டுரை இல்லை. பேச்சுவார்த்தை பற்றிய கட்டுரை. 'கடுமையான பல்வலி காரணமாக' என்று லீவு லெட்டர் எழுதாத ஆபீஸ்காரர் உலகத்திலேயே கிடையாது என்பதால் எல்லோருக்கும் பிரயோஜனப்படும்.

முப்பத்திரண்டில் முப்பத்தாறு!

மற்ற டாக்டர்களுக்கும் பல் டாக்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இருதய டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்திருக்கும்போதும் நீங்கள் பேசலாம். எலும்பு டாக்டர் காலை முறுக்கும்போது 'ஐயோ அம்மா' என்று மனசாரக் கத்தலாம். பல் டாக்டர் மட்டும்தான் பேசுகிற உறுப்பையே குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறார்.

கண்ணாடிக் குச்சி, பஞ்சு, எச்சில் உறிஞ்சுகிற குழாய், அவருடைய இரண்டு விரல் எல்லாம் உள்ளே போன பிறகு, "எந்த ஆபீஸ்ல இருக்கீங்க?" என்று விசாரிப்பார். "ஆ... ஹா... ஆவ்" என்போம். "அப்படியா! என் மச்சினனும் அங்கேதான்" என்பார்!

ஆக, பேச வேண்டியதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம், மூடிய பிறகு ஐந்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாக் கோளாறும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கிளினிக். டாக்டர் உதவிக்கு இருந்த பெண்ணிடம், "முப்பத்தாறுல சொத்தை ஆழமா இருக்கு. ஆர்.சி.டி.ன்னு எழுதிக்கோம்மா" என்றார். சாய்ந்து படுத்திருந்த மளிகைக் கடைக்காரர் சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க டாக்டர், மனுஷனுக்கு மொத்தமே முப்பத்திரண்டுதானுங்களே? எனக்கெப்படிங்க முப்பத்தாறு?"

கணக்கில் புலி! அவர் கேட்டது நியாயம்தான். விஷயம் இதுதான்: உலகம் பூராவும் பெரும்பாலான பல் டாக்டர்கள் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஒரு நம்பர் முறையை வைத்திருக்கிறார்கள். வாயை நாலு வார்டாகப் பிரித்துவிட வேண்டியது. உங்களுக்கு மேல் வலது ஒன்று, மேல் இடது இரண்டு, கீழ் இடது மூன்று, கீழ் வலது நாலு. ஒவ்வொரு வார்டிலும் நடுவிலிருந்து எட்டு வீடு. 36 என்றால் மூன்றாவது வார்டு, ஆறாவது வீடு. முனிசிபாலிட்டிக் கதவிலக்கம் மாதிரிதான். இதை அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால், 'என்னமோ எக்ஸ்ட்ரா பல்லு முளைச்சிருக்குதாம்' என்று ஊரெல்லாம் செய்தி பரவுகிறது.

இந்த ஆறாவது வீட்டுக்காரர் முக்கியமான ஆசாமி. குழந்தைக்கு ஆறு வயசு வாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிறவர். விழுந்து முளைத்தால்தான் நிரந்தரப் பல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால், அதில் சொத்தை வந்தால் "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சுக்கும்" என்று விட்டுவிடுகிறோம். முளைக்காது. அவருக்கு வாரிசு கிடையாது.

கேப் விட்டாப் போதுமா?

வார்த்தைகளால் வருகிற வம்பு இன்னும் நிறைய. "வேர் சிகிச்சை முடிஞ்சதும் பல்லுக்கு கேப் போடணும்" என்கிறார் டாக்டர். தமிழில் எழுதிப் பாருங்கள். தொப்பியும் 'கேப்', இடைவெளியும் 'கேப்'! வீட்டுக்குப் போன மனுஷர் சம்சாரத்திடம் சொல்கிறார்: "பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல கேப் விடணுமாம். அதுக்கு நல்ல பல்லை வேற அராவணும்னு சொல்றாங்க. எனக்கென்ன கிறுக்கா?" அதோடு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

'வேர் சிகிச்சை' என்ற பெயரும் விவசாயிகளிடம் எடுபடவில்லை. "வேர்ல கை வெச்சா மரம் பொழைக்குமுங்களா?" என்று கேட்டார் ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர். பல்லின் வேருக்குள் ஓடுகிற குழாயில் கெட்டுப்போன சதையையும் நரம்பையும் எடுத்துவிட்டு, சுத்தம் செய்து அடைப்பதுதான் விஷயம். வேர் அப்படியே தாடையில்தான் இருக்கும். ஆனால் பெயரைக் கேட்டால் கடப்பாரையோடு வருகிற மாதிரிதான் தோன்றுகிறது.

'கிளீனிங்' இன்னொன்று. "கிளீன் பண்ணினா பல்லு ஆடிப் போயிரும்" என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னிடம் சொன்னார்கள். (நான் கேட்டதே பத்துப் பேரிடம்தான்.) பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் வருஷக்கணக்கில் படிந்து கல்லாகிப் போன காரை, ஈறை அரித்து, எலும்பையும் கரைத்துவிடுகிறது. அந்தக் காரையைப் பேர்த்தவுடன் பழைய ஓட்டை வெளியே தெரிகிறது. நாக்கு அங்கே போய்த் துழாவுகிறது. "பார்த்தியா, ஆடுது!" சுவரை அரித்தது கரையான். பழி மட்டும் வெள்ளையடிக்க வந்தவர் தலையில்!

அடுத்தது கண் சமாசாரம். 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்' என்ற பயம் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. முகத்தின் உணர்ச்சி நரம்பு ஒன்று மூன்றாகக் கிளை பிரிகிறது. நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் ஒன்று, மேல் தாடைக்கு ஒன்று, கீழ் தாடைக்கு ஒன்று. அதனால் மேல் பல் வலி கண் வரை தெறிக்கும். ஆனால் பார்வைக்கான நரம்பு முற்றிலும் வேறு. பல்லோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இங்கிலீஷ்காரர்களும் மேல் கோரைப்பல்லை 'ஐ டூத்' என்றுதான் சொல்கிறார்கள். ஆக, பல்லையும் கண்ணையும் முடிச்சுப் போட்டது நம்ம ஊர் மட்டுமில்லை.

வேதனை உண்டோ?

நம் மாநிலத்தின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் பல் டாக்டராக வேண்டுமென்றால் சேலத்துப் பையன் சென்னைக்கு ரயிலேற வேண்டும். இன்றைக்குச் சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி. திருச்செங்கோடு பக்கம் கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரி, விவேகானந்தா மகளிர் பல் மருத்துவக் கல்லூரி. பேருந்து தூரத்தில் மூன்று!

இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு வெளி மாநிலத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. பாடமெல்லாம் இங்கிலீஷ். பேஷண்டுகள் மட்டும் சுத்தமான கொங்குத் தமிழ். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், ஒரு மலையாளத்துப் பெண் பயிற்சி டாக்டர், நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவிடம் அன்பாகக் கேட்டார்:

"வேதனை உண்டோ அம்மா?"

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "இல்லாம இருக்குமா கண்ணு? ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குது. தறி வேற ஓட மாட்டேங்குது..."

மலையாளத்தில் 'வேதனை' என்றால் வலி. தமிழில் அது மனசுக்கு வருவது. அந்த அம்மா அழ ஆரம்பித்ததும் டாக்டர் பயந்துபோய் வலி ஊசியை எடுத்துவிட்டார்!

ஆனால் ஒரு வார்த்தையில் மட்டும் இந்தியா முழுக்க ஒற்றுமை. சொத்தைப் பல்லை நம் ஊரில் 'பூச்சிப் பல்' என்கிறோம். மலையாளத்தில் 'புழுப்பல்லு'. இந்தியில் 'கீடா' பிடித்த பல். எல்லாமே புழுதான். பிரான்ஸ் நாட்டின் பியர் ஃபொஷார், நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை, 1728-ல் வெளியிட்ட தன் புத்தகத்திலேயே இந்தப் புழுக் கதையை ஏற்கவில்லை. நாம் தின்கிற சர்க்கரையைக் கிருமிகள் தின்று, அமிலம் கக்கி, பல்லைக் கரைக்கின்றன என்பதுதான் விஷயம்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறதே! 'பூச்சி' என்று நினைப்பவர், பூச்சியை விரட்டினால் போதும் என்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கிறார். ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஓட்டை அதுபாட்டுக்கு ஆழமாகிக்கொண்டே போகிறது.

விண் விண்!

கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். நோயாளிகள் வலியை எந்தெந்த வார்த்தையால் சொல்கிறார்கள் என்று சேகரித்து, 1975-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். இருபது பிரிவு, எழுபத்தெட்டு வார்த்தைகள். எல்லாம் இங்கிலீஷில்.

எழுபத்தெட்டுதானா என்று நமக்குத் தோன்றும். நம் கைவசம் இருக்கிற சரக்கைப் பாருங்கள். சுருக்குனு குத்துது. விண்ணு விண்ணுனு தெறிக்குது. கூசுது. குடையுது. கடுகடுங்குது. நமநமங்குது. மந்தமா இருக்குது. இரட்டைக் கிளவிக்கென்றே இலக்கணம் வைத்திருக்கிற இனம் நாம்!

டாக்டருக்கு இதெல்லாம் வெறும் புலம்பல் இல்லை, துப்பு. ஐஸ் தண்ணி பட்டால் 'சுருக்'கென்று வந்து, சில விநாடியில் போய்விடுகிறதா? அநேகமாகப் பல்லின் உயிர் இன்னும் பிழைத்திருக்கிறது, அடைத்தாலே போதலாம். வந்த வலி நிமிஷக்கணக்கில் நிற்கிறதா, ராத்திரி படுத்தால் 'விண் விண்' என்று எழுப்பி விடுகிறதா? உள்ளே சதை கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். கடித்தால் மட்டும் வலிக்கிறதா? வேரின் நுனி வரை போயிருக்கலாம், அல்லது பல்லில் விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாததுகூட இந்தப் பதிலில் தெரியும்.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "பல்லு வலிங்க." அவ்வளவுதான். எழுபத்தெட்டுக்கு மேல் வார்த்தை இருந்தும், ஒன்றைத்தான் செலவழிக்கிறோம். கருமித்தனம்!

இன்னொரு கேள்வி: "வீட்ல ஏதாவது வெச்சீங்களா?" எல்லோரும் சொல்கிற பதில்: "ஒண்ணும் வெக்கலீங்க." வைத்திருப்பார்கள். கிராம்புத் தைலம், புகையிலை, சூடம், சிலர் வலி மாத்திரையையே முழுங்காமல் சொத்தைப் பக்கத்தில் அமுக்கி வைத்து ஈறை வேக வைத்துக்கொண்டு வருவார்கள். திட்டுவார் என்று பயம். கிராம்பு வைத்ததற்கு வெட்கப்படவே வேண்டாம். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற தைலத்தைத்தான், துத்தநாகப் பொடியோடு குழைத்து, தற்காலிக அடைப்புக்கு டாக்டர்களும் உபயோகிக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது இதுதான். பாட்டியும் டாக்டரும் ஒருவிதத்தில் சம்பந்திகள். மாத்திரை வைத்ததை மட்டும் மறைக்காதீர்கள்.

இடது கையும் 'சரிங்க'வும்

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பது பல் டாக்டர்களின் உலகப் பொது மொழி. வலது கைக்காரரான டாக்டர் நமக்கு வலது பக்கம் நிற்பதால், நம்முடைய இடது கைதான் இடைஞ்சல் இல்லாதது.

பரமத்தி ரோட்டில் ஒரு கிளினிக்கில், எழுபது வயதுப் பெரியவருக்குப் பல் குடைந்துகொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிகிறது. கை மட்டும் மடியிலேயே இருக்கிறது. முடிந்ததும் டாக்டரம்மா பதறிப் போய், "ஏங்கய்யா, வலிச்சா கை தூக்கச் சொன்னேனே?" என்றார்.

"சொன்னீங்க கண்ணு. டாக்டருக்கு நேரா எப்படிம்மா பீச்சாங்கையை நீட்டறது? மரியாதையில்லீங்களே!"

அந்த டாக்டரம்மா இப்போது 'காலை ஆட்டுங்க' என்று மாற்றிக்கொண்டுவிட்டார்.

அந்தப் பெரியவர் வலித்தும் சும்மா இருந்ததில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பல்லே வலிக்கும்போது எதைக் கடிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை!

இதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் பக்கத்து 'சரிங்க'. டாக்டர் என்ன சொன்னாலும் "சரிங்க". "மூணு தடவை வரணும்." "சரிங்க." "மாத்திரையை அஞ்சு நாளும் போடணும்." "சரிங்க." "கேப் போடலைன்னா உடைஞ்சிடும்." "சரிங்க." கொங்கு நாட்டு 'சரிங்க' என்பது ஒப்புதலும் இல்லை, புரிந்தது என்ற அர்த்தமும் இல்லை. படித்தவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்கிற மரியாதை. அவ்வளவுதான். டாக்டர் அதை 'சம்மதம்' என்று வரவு வைத்துக்கொள்கிறார். வாசல் தாண்டியதும் அந்தக் காசோலை திரும்பி வந்துவிடுகிறது.

அனுபவப்பட்ட டாக்டர் ஒருவர் எனக்குச் சொன்ன உபாயம்: "புரிஞ்சுதான்னு கேட்கவே மாட்டேன் சார். கேட்டா 'சரிங்க'தான் வரும். 'வீட்ல போய் அம்மணிகிட்ட என்னான்னு சொல்லுவீங்க? எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க'ம்பேன். அப்பத்தான் தெரியும், நான் ஒண்ணு சொல்லியிருக்கேன், அவர் ஒண்ணு கேட்டிருக்கார்னு."

எந்த ஊர்த் தண்ணி?

சொல் தவறினால் பல் மட்டுமில்லை, வாழ்க்கையும் சிக்கலாகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தர்மபுரிப் பக்கத்தில், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. பல் முளைப்பதற்கு முன்னால், தாடைக்குள்ளேயே அது உருவாகிற சின்ன வயதில், அளவுக்கு மேல் ஃப்ளோரைடு போனால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். மெட்ராஸ் ராஜதானியில் நெல்லூர்ப் பக்கம் இந்தப் பாதிப்பை 1937-லேயே டாக்டர்கள் பதிவு செய்துவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவர, ஜப்பான் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் கறை கறைதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம், வெளியூரிலிருந்து புதிதாக வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தினமும் பல் தேய்க்கறதில்லையா?" இரண்டாவது கேள்வி இன்னும் மோசம்: "வெத்தலை, பாக்கு ஏதாவது?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சிரிக்குமாம். பெண் பார்க்க வந்தவர்கள் 'சிரிக்கவே மாட்டேங்குது, திமிரு' என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணிம்மா குடிச்சே?" அந்த ஒரு வரியில், குற்றம் பெண்ணின் தலையிலிருந்து இறங்கிப் பாறைக்குப் போயிருக்கும். கறையை வெளுக்கவும், மேலே மெல்லிய பூச்சு கொடுத்து மறைக்கவும் வழி இருக்கிறது என்று அடுத்த வரியில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதற்குள் எழுந்து போய்விட்டது.

நடுவில் ஒரு சூப்பர்வைசர்

நாமக்கல் கோழிப் பண்ணைகளில் இன்றைக்குப் பீகார், ஒடிசாப் பையன்கள் நிறைய. ஒரு பையனுக்குப் பல்வலி. கூட மொழிபெயர்க்க சூப்பர்வைசர். பையன் இரண்டு நிமிஷம் இந்தியில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். சூப்பர்வைசர் அதைச் சுருக்கமாகத் தமிழில் தந்தார்: "பல்லு வலிங்களாம் டாக்டர். புடுங்கி வுட்டுருங்க. நாளைக்கு லோடு இருக்குது."

தந்தி அடித்தால்கூட இவ்வளவு சுருக்கமாக வராது! காசு கொடுக்கிறவரும் அவரே, மொழிபெயர்ப்பாளரும் அவரே, தீர்ப்பும் அவரே.

அதிர்ஷ்டவசமாக, அந்த டாக்டர் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை வைத்திருந்தார். தர்த் - வலி. தண்டா - குளிர்ச்சி. கரம் - சூடு. ராத் - ராத்திரி. சுமார் பத்து வார்த்தை. பையனையே பார்த்து, "தண்டா பானி... தர்த்?" என்றார். "ஹாங்!" என்றான் பையன், முகமெல்லாம் பிரகாசமாக. எவ்வளவு நேரம் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டச் சொன்னார். மூன்று விரலிலேயே நின்றது. "ராத்?" "நஹீ." பல்லை இடுக்கியால் தட்டிப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிடுங்க வேண்டியதில்லை, அடைச்சா போதும்" என்றார். இருபது வயதுப் பையனின் பல், நாலு இந்தி வார்த்தையால் தப்பித்தது.

இதையே தலைகீழாக அனுபவிப்பவர்கள் நம்மவர்கள். நாமக்கல் லாரி டிரைவர்களுக்கும், போர் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போகிற திருச்செங்கோட்டுப் பையன்களுக்கும், பல்வலி ஊர் பார்த்து வருவதில்லை. "நாக்பூர்ல டாக்டர்கிட்டப் போயி என்னத்தைங்க சொல்றது? டீசல் இந்தி வேற, பல்லு இந்தி வேற" என்றார் ஒரு டிரைவர். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி முழுங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்வார்கள். அதற்குள் அடைக்க வேண்டிய பல், பிடுங்க வேண்டிய பல்லாகியிருக்கும்.

மூடி போடாத போர்

எல்லா வம்பிலும் பெரிய வம்பு, பாதியில் விட்ட வேர் சிகிச்சைதான். முதல் நாளில் கெட்ட சதையை எடுத்தவுடனேயே வலி போய்விடுகிறது. நம் அகராதியில் வலி போனால் வியாதி போச்சு! ஆபீஸில் லீவு மிச்சம், செலவு மிச்சம். யார் மறுபடி போவது? ஆனால் பல்லுக்குள் குழாய் காலி. தற்காலிக அடைப்பு தேய்ந்துபோக, கிருமி மறுபடி குடியேறும். கேப் போடாத கடைவாய்ப் பல் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். பிறகு பிடுங்குவதைத் தவிர அநேகமாக வேறு வழி கிடையாது.

திருச்செங்கோட்டில் ஒரு டாக்டர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ஊர் போர் வண்டி ஊர். அவர் வேர், நரம்பு, கேப் எதையும் பேசுவதில்லை. பேஷண்டைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்:

"உங்க பல்லுல போர் போட்டிருக்குதுங்க. சேறு எல்லாம் வாரியாச்சு. அதான் வலி நின்னுருச்சு. இன்னும் ரெண்டு வேலை பாக்கி. குழிக்குள்ள அடைக்கணும், மேல மூடி போடணும். போர் போட்டுட்டு மூடாம வுட்டுட்டுப் போவீங்களா?"

மூடாத போர்க்குழி என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேஷண்டின் முகம் மாறிவிடுகிறது. "அய்யோ, மூடாம எப்பிடிங்க வுடறது? என்னைக்கு வரோணுங்க?" அங்கே 'சரிங்க' இல்லை. 'என்னைக்கு வரோணும்' என்ற கேள்வி வந்துவிட்டது. அந்தக் கேள்வி வந்தால் பல் பிழைத்தது என்று அர்த்தம்.

அந்த டாக்டர் புதிதாக எந்தக் கருவியும் வாங்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பாஷையில் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டார். வீடு கட்டுகிற மேஸ்திரி வந்தால், "லிண்டல் வரைக்கும் கட்டியாச்சு மேஸ்திரி, கூரை போடலே" என்கிறாராம்.

நம் பங்குக்கு

டாக்டர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் நாம் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்:

1. எந்தப் பல் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். 'இந்தப் பக்கம் பூரா' என்பது விலாசம் ஆகாது.

2. வலி எப்படி? சுருக்கா, விண் விண்ணா, கூச்சமா? எதனால் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? ராத்திரி எழுப்புகிறதா?

3. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயம், ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமை. எதுவானாலும் 'பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்' என்று நினைக்காமல் சொல்லிவிடுங்கள். சம்பந்தம் உண்டு.

4. வீட்டில் என்ன வைத்தீர்கள், என்ன முழுங்கினீர்கள்?

5. புரியாத வார்த்தை வந்தால் 'சரிங்க' சொல்லாதீர்கள். 'அப்படீன்னா என்னங்க?' என்று கேளுங்கள். கிளம்பும்போது இரண்டு கேள்வி: "இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுங்களா? இன்னும் எத்தனை தடவை வரணும், மொத்தம் எவ்வளவு ஆகும்?"

உலகத்தில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய், பல் சம்பந்தமான ஏதாவது ஒரு கோளாறு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. பெரிய கூட்டத்தில்தான் இருக்கிறோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று சொன்ன நம் ஆட்கள், அதே மூச்சில் சொல்லுக்கு உறுதி எது என்றும் சொன்னார்கள். பல்லும் சொல்லும் ஒரே வாய்க்குள் குடியிருக்கிற பங்காளிகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையை உங்கள் மேனேஜரும் படித்திருக்கக்கூடும். அடுத்த தடவை 'கடுமையான பல்வலி' என்று லெட்டர் நீட்டினால், "எந்தப் பல்? சுருக்கா, விண் விண்ணா? ராத்திரி எழுப்புதா?" என்று கேட்பார். பதிலோடு போங்கள்!